கொழுக்குமலையில் ஒரு டயர் பாடம்

கொழுக்குமலைக்கு ஜீப்பில்தான் போக முடியும் என்றார்கள். "நம்மகிட்டதான் ஜீப் இருக்கே!" என்று மார்தட்டினேன். சனி அங்கேதான் ஆரம்பம்!

என்னுடையது செகண்ட் ஹாண்ட் ஃபோர் வீல் டிரைவ். மலைக்குப் போகிறோமே என்று தேனியில் டயர் வாங்கப் போனேன். கடைக்காரர் மூன்று ரகம் காட்டினார். தார் ரோட்டுக்கு ஒன்று. சேற்றுக்கென்றே கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த 'மட் டெரெய்ன்' ஒன்று. நடுவாந்தரமாக 'ஆல் டெரெய்ன்' ஒன்று.

"உங்க ஓட்டத்துக்கு நடுவாந்தரம் போதும் சார். நாலையும் சேர்த்து மாத்திடுங்க" என்றார்.

வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு, பார்க்கப் பயங்கரமாக இருந்த மட் டெரெய்னில் இரண்டே இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டினேன். பேலன்ஸிங்கும் ஆயிற்று. டயரின் பராக்கிரமத்தைப் பார்க்க, வருகிற வழியில் கண்மாய்ச் சேற்றில் ஒரு ரவுண்டு வேறு!

மறுநாள் மனைவி, மகள், மாமியார் சகிதம் புறப்பாடு. போடி ரோட்டில் எழுபதைத் தொட்டதும் டயர் 'ஙொய்ங்...' என்று ஓலமிட்டது. சீட் கிடுகிடுவென ஆடியது.

"மாப்பிள்ளை, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றார் மாமியார்.

பேலன்ஸிங் செய்தவரை மனதுக்குள் திட்டியபடியே போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தேன். அங்கே அடுத்த அடி. மேலே போக உள்ளூர் வாடகை ஜீப்தான். என் சிங்கம் ஓரமாக நின்றது!

விடியுமுன் கிளம்பினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். ரோடா அது? பாறைகளைக் கொட்டிவிட்டு யாரோ அள்ள மறந்த மாதிரி! இத்தனைக்கும் கொழுக்குமலை எங்கள் தேனி மாவட்டம். கேரளாவுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டுதான் சொந்த மாவட்டத்துக்கு வர வேண்டும். சுமார் 7,900 அடி உயரம். காலடியில் மேகம், அதற்குமேல் சூரியன், கையில் சூடாகத் தேநீர். மாமியார் கூட மௌனமாகிவிட்டார்.

கீழே வந்தபோது மழை. டிரைவர் தம்பி என் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"ஓட்டும்போது ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா சார்?"

"சீட்டு."

"அப்போ பின்சக்கரம்" என்றவர், ரிம்மின் உட்புறம் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினார். காய்ந்த கண்மாய்ச் சேறு, அடை அடையாக விழுந்தது! சில கிராம் ஈயக்கட்டி வைத்துச் சரிசெய்கிற சக்கரத்தில், கைப்பிடி சேற்றை அப்பி வைத்திருக்கிறேன்.

அடுத்து முன் டயரைத் தடவினார். முழு வழுக்கை. பக்கவாட்டில் 1416 என்றிருந்தது. "2016-ல பதினாலாவது வாரம் செஞ்ச டயர். ரப்பர் இறுகிப் போச்சு."

"அதனாலென்ன தம்பி, ஃபோர் வீல் டிரைவ்தானே?"

"அது வண்டியைத் தள்ளத்தான் சார். நிறுத்தறது டயர். இறக்கத்துல பிரேக் போட்டா பாரமெல்லாம் முன்னாலதான் விழும். தார் ரோட்டுல ஃபோர் வீல் கியரும் போட்டுடாதீங்க. முன்னும் பின்னும் டயர் சுற்றளவு வித்தியாசம், கியர் பெட்டி தாங்காது. மழை விட்டப்புறம் இறங்குங்க."

இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அப்படியும் போடிமெட்டு இறக்கத்தில், இரண்டாவது கியரில் ஊர்ந்தும், ஒரு ஈரமான வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டி திரும்பாமல் நேரே போயிற்று. ஒரு முழம்தான். பிறகு பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. எனக்குக் கை நடுக்கம் போடி வரும்வரை நிற்கவில்லை.

மறுநாள் காலை அதே தேனிக் கடை. நான்கும் ஒரே அளவில் ஆல் டெரெய்ன். தயாரித்த வாரத்தைப் பார்த்தே வாங்கினேன். மெஷினில் சக்கரம் சுற்றி நின்றதும், உள்ளேயும் வெளியேயும் ஈயம் அடித்தார் கடைக்காரர். மனதுக்குள் திட்டியதற்கு மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, அதே போடி ரோடு. எழுபது. சத்தமில்லை, ஆட்டமில்லை. கண்ணயர்ந்திருந்த மாமியார் திடுக்கிட்டு விழித்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டி நின்னுபோச்சா?"