சீர்காழியில் ஓடுகிறவர்களின் முழங்கால்

பன்னிரண்டு பெயர் கொண்ட ஊர் சீர்காழி. பிரமபுரம், வேணுபுரம், புகலி என்று தொடங்கும் வரிசை கழுமலத்தில் முடியும். அந்தக் கடைசிப் பெயர் கழுமலையாறு என்ற பாசன ஆற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் அந்தக் கரைப் பக்கமோ, உப்பனாற்றுப் பக்கமோ, திருமுல்லைவாசல் போகிற சாலையிலோ நின்றால் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்கும். சிலர் கேன்வாஸ் ஷூவில், சிலர் வெறுங்காலில். போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பிள்ளைகள்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். எழுத்துத் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும் இந்த ஓட்டத்தில் கால் வாரிவிட்டால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடுமோ என்ற பயம் வேறு. அதனால்தான் முழங்கால் வலித்தாலும் பலர் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் தெரிந்தால் அம்மா ஓட விடமாட்டார். ராத்திரியில் தைலத்தைத் தேய்த்துவிட்டு, காலையில் நொண்டாத மாதிரி கிளம்பிவிடுகிறார்கள்.

காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. கண்ணுக்கு எட்டியவரை சமதளம். மலை, மேடு ஒன்றும் கிடையாது. இங்கே ஓடுவதற்கு என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். தரை சமமாக இருப்பது தூரத்துப் பார்வைக்குத்தான். கால் வைக்கிற ஒரு சாண் இடம் சமமாக இருக்காது. களிமண் நிலம். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும். கோடையில் அதே மண் காய்ந்து, குதிகால் இறங்குகிற அளவு வெடித்துக் கிடக்கும். சம்பா அறுவடைக்குப் பிறகாவது வயலில் ஓடலாமென்றால், அங்கே தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். யாரும் மிதிக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது.

மிச்சம் இருப்பது சாலை ஓரம். அதற்கும் மழை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2022 நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் கொட்டியதை ஊரே மறக்கவில்லை. அந்த அளவு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையும் தார் விளிம்பை அரித்துக்கொண்டுதான் போகும்.

மழைத்தண்ணீர் வழிந்தோடட்டும் என்று சாலையின் நடுவை உயர்த்தி, இரு ஓரங்களையும் தாழ்த்திப் போடுவார்கள். பஸ்ஸுக்கு பயந்து ஓரமாக ஓடுகிறவருக்கு ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், மறுகால் மேட்டில். ஓர் எட்டு ஒரு மீட்டர் என்று வைத்தால்கூட 1,500 மீட்டருக்கு ஒவ்வொரு காலும் 750 தடவை இப்படிக் கோணலாக இறங்குகிறது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை ஒரு தடித்த நார்ப்பட்டை இறங்குகிறது. பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்துக் காலில் அந்தப் பட்டை இழுபட்டு, முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டருகே வலியைக் கிளப்பும். முதல் ஒரு கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. பிறகு ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். நின்றால் போய்விடும், மறுநாள் ஓடினால் அதே இடத்தில் திரும்ப வரும்.

இன்னொரு வலி முட்டிச்சில்லைச் சுற்றி வருவது. தரை மேடு பள்ளமாக இருந்தால் பாதம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணத்தில் விழுகிறது. அந்தத் தடுமாற்றத்தைச் சமாளிக்க வேண்டியவை இடுப்பும் தொடையும். அவற்றில் வலு இல்லாவிட்டால் முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து, சில்லின் பின்பக்கம் அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்காவில் வோலோஷினா, ஃபெரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஓரிரு சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமுள்ள தரையில் ஓடவைத்து அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். கூடுதலாகச் செலவான சக்தி சுமார் 5 சதவீதம்தான். மூச்சு வாங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதால், கால் படுகிற பாடும் சட்டென்று தெரிவதில்லை. கடற்கரை மணல் இதற்கு நேர் எதிர். இறுகிய தரையைவிட மணலில் ஓடச் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். திருமுல்லைவாசலில் ஒரு நாள் ஆசைக்கு ஓடலாம். தேர்வுக்கு முந்தின வாரம் புதிதாக மணலில் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

எந்த வலி என்று தெரிந்துகொள்ள ஊரிலேயே ஒரு படிக்கட்டு இருக்கிறது. சட்டைநாதர் கோயிலில் கீழே பிரமபுரீஸ்வரர், நடுவே தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். கட்டுமலையில் ஏறித்தான் மேலே இருவரையும் பார்க்க முடியும். ஏறும்போது சும்மா இருந்த முட்டி, இறங்கும்போது சில்லுக்கு அடியில் கடுகடுத்தால் அது முட்டிச்சில்லு வலியாக இருக்கலாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குகிற பாட்டிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கால் வலிக்கு இந்த ஊரில் ஒரு பழைய கதையும் உண்டு. ஞானசம்பந்தர் பிறந்த மண் இது. தலம் தலமாகப் போன அந்தப் பிள்ளையை அப்பா சிவபாத இருதயர் தோளில் சுமந்தார். பிறகு பிள்ளை தானே நடக்க, பிஞ்சுப் பாதம் நொந்தது. திருநெல்வாயில் அரத்துறையில் சிவன் முத்துச்சிவிகை கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். நடந்து நொந்த கால் என்று கண்டதும் சாமியே வண்டி அனுப்பியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் ஓடு, பழகிவிடும் என்று சொல்லவில்லை.

சிவிகை கிடைக்காதவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆற்றங்கரையில் ஓடினால் சரிவில் ஓடாமல் கரையின் உச்சித் தடத்தில் ஓடலாம். சாலையென்றால் போகும்போதும் வரும்போதும் அதே ஓரத்தில் ஓடலாம். தாழ்ந்த கால் மாறிவிடும். ஒரு வழியில் பஸ் முதுகுக்குப் பின்னால் வரும் என்பதால் போக்குவரத்து இல்லாத கிராமச் சாலைக்கே இது பொருந்தும். வலி வந்துவிட்டால் முழு ஓய்வு என்று கட்டிலில் கிடக்கத் தேவையில்லை. தூரத்தைப் பாதியாகக் குறைத்து, பள்ளி மைதானம் மாதிரி சமதரைக்கு மாறலாம். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் உட்காருகிற மாதிரி பாதி குனிந்து எழுவது என்று இடுப்புக்கும் தொடைக்கும் வேலை கொடுக்க வேண்டும். பலன் தெரிய வாரங்கள் ஆகும். அதனால் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பிப்பதைவிட, முன்னதாகவே மெதுவாகத் தொடங்குவது நல்லது.

வரப்பில் கால் பிசகி 'டொக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, முட்டி மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ தைலத்தோடு விளையாடக் கூடாது. சவ்வோ தசைநாரோ கிழிந்திருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முட்டி வைத்தியம் என்று உருவிவிடுகிறவரிடம் அந்த வீக்கத்தோடு போவது நிலைமையை மோசமாக்கலாம்.

சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை சாலையில் சில கிலோமீட்டர் போனால் வைத்தீஸ்வரன்கோயில். நோய் தீர வேண்டி, கை கால் உருவம் பொறித்த வெள்ளித் தகடுகளைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். சித்திரையில் காரைக்குடிச் சீமையிலிருந்து நகரத்தார் குடும்பங்கள் நாள்கணக்கில் நடந்தே வருகின்றன. அதில் அறுபது, எழுபது வயதுக்காரர்களும் உண்டு. வெயில் ஏறினால் நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் ஒரு கம்பு, முட்டியின் பாரத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறது. கோயிலுக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கம்பைக் கொடிமரத்தடியில் காணிக்கையாகப் போட்டுவிட்டு, ஊர் திரும்ப வண்டி ஏறுகிறார்கள்.