மூன்று விரல் உப்பு

1986 ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு முற்பகல் வேளையில் எங்கள் வீட்டு முன்கட்டில் செவிலி அம்மையார் ஒருவர் வந்து அமர்ந்தார். அப்பொழுது எனக்குப் பதினோரு வயது. வாப்பா ஜித்தாவில் இருந்தார்கள். வாப்பும்மா அடுப்படியில் இருந்தார்கள். உம்மா கதவுத் திரைக்குப் பின்னால், பத்து மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தரவே அந்த அம்மையார் வந்திருந்தார். காய்ச்சி ஆறிய நீர் ஒரு தம்ளர், அதில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிறு கரண்டி சர்க்கரை. கலக்கியதும் நாவில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும்; கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. "விளங்கிச்சாம்மா?" என்று கேட்டார். திரைக்குப் பின்னிருந்து உம்மா "ஆம்" என்றார்கள். அவர் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதினார்; எழுந்து போகையில் எங்கள் கதவு நிலையில் சாக்கட்டியால் ஒரு குறியிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார்.

நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. தம்பிக்கு நீராகப் போகத் தொடங்கிற்று. வாப்பும்மா கல்நெஞ்சக்காரர் அல்லர். பேரனை மடியிலிருந்து இறக்காமல் இரவெல்லாம் விழித்திருந்தவர் அவரே. ஆனால் அவருக்கு அந்த நோயின் பெயர் வேறு. "பல்லு முளைக்கிற பிள்ளைக்கு மாந்தம் வரத்தான் செய்யும்" என்றார்கள். வசம்பு சுட்டு நாவில் தடவினார்கள். ஓதிப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வயிறு காயட்டும் என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள்.

இரண்டாம் நாள் இரவு உம்மா தயங்கித் தயங்கிச் சொன்னது இன்றும் என் செவியில் இருக்கின்றது. "மாமி, அந்த நர்சம்மா சொன்ன உப்புத் தண்ணி..."

"அது பேதிக்குச் சொன்னது, புள்ள. இது மாந்தம்."

மூன்றாம் நாள் விடியலில் வண்டி பிடிக்க ஆள் போயிற்று. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சிறு உடலை வெளியே எடுத்துச் சென்றபோது கதவு நிலையில் சாக்கட்டிக் குறி அப்படியே இருந்தது. அந்த ஆண்டின் அறிக்கையில் எங்கள் வீடு 'கற்பிக்கப்பட்ட வீடு' என்ற கணக்கில்தான் சேர்ந்திருக்கும். அது பொய்க் கணக்கும் அன்று. உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பிள்ளை போய்விட்டான்.

இந்தப் புதிருக்கு விடை, பல்லாண்டுகள் கழித்து, நான் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்தது. வங்காள தேசத்தின் முஷ்தாக் சௌத்ரியும் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் காஷும் சேர்ந்து எழுதி 1996 இல் வெளிவந்த நூல் ஒன்று, ஆசிரியைப் பணியில் சேர்ந்த பின் என் கைக்கு வந்தது. நெல்லும் மீனும் உண்டு, ஆற்றோரக் குடிசைகளில் வாழும் வேற்று மொழிப் பெண்களைப் பற்றிய நூல் அது. ஆயினும் அதைப் படிக்கப் படிக்க, யாரோ எங்கள் வீட்டு அடுப்படியில் ஒளிந்திருந்து எழுதியது போலவே எனக்குத் தோன்றிற்று.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காக்கும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் அன்று. பேதியில் குழந்தையைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வடிந்து போவதே. எத்துணை கடுமையான பேதியிலும் சர்க்கரையின் துணையோடு உப்பையும், உப்பின் பின்னே நீரையும் உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றல் குடலின் சுவருக்கு எஞ்சியிருக்கின்றது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960களில் ஆய்வாளர்கள் இதைக் காலரா நோயாளிகளிடம் மெய்ப்பித்தார்கள். 1971 இல் வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் பனகான் முகாமில் காலராவால் மாண்டு கொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போகவே, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இக்கரைசலைப் பெரும் பாத்திரங்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். அங்கே சிகிச்சை பெற்றோரில் இறந்தவர் நூற்றுக்கு 3.6 பேர் மட்டுமே. பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாமலே ஒரு தாயின் கை இதைச் செய்ய முடியும் என்பதை உலகம் அப்போது கண்டது.

மருந்து கிடைத்துவிட்டது. அதை ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் கடினம். வங்காள தேசம் பிறந்த மறு ஆண்டில், 1972 இல், ஃபஸ்லே ஹசன் ஆபித் என்பார் தொடங்கிய 'பிராக்' என்னும் நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. 1979 இல் சுல்லாப் பகுதியில் முயன்று பார்த்து, 1980 முதல் 1990 வரை நாடெங்கும் அப்பணி நடந்தது. பெண் ஊழியர்கள் அணியணியாகக் கிராமம் கிராமமாக நடந்து, வீடு வீடாக அமர்ந்து கற்பித்தார்கள். பொட்டலம் வாங்க ஏழைக்குப் பணமில்லை. அளவுக் கரண்டியும் வீட்டில் இல்லை. ஆகவே கையே அளவாயிற்று. அரைச் சேர் நீர், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். தாயே தன் கையால் கலக்கிக் காட்ட வேண்டும். இவ்வாறு 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அவர்கள் எட்டினார்கள்.

இதைவிட என்னை வியக்க வைத்தது அவர்கள் கணக்கெடுத்த முறைதான். கற்பித்தவரே 'கற்பித்தாயிற்று' என்று குறியிட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் செல்வார். கற்பித்த கருத்துகளில் எத்தனை நினைவிருக்கின்றன என்று தாயிடம் கேட்பார். கரைசலைக் கலக்கச் சொல்லி, அதில் சிறிது எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு அல்லவா? அந்தத் தாயின் நினைவில் எவ்வளவு நின்றதோ, அதற்கேற்பவே கற்பித்த பெண்ணுக்குச் சம்பளம். எத்தனை வீடு நடந்தாய் என்பது அங்கே கேள்வியன்று. நீ போன பின் அந்த வீட்டில் என்ன மிஞ்சியது என்பதே கேள்வி.

தேர்வில் தாய்மார்கள் நன்றாகவே தேறினார்கள். அத்துடன் நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். அவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: "கடைசியாகப் பிள்ளைக்குப் பேதி வந்தபோது இதைக் கொடுத்தாயா?" கொடுத்தவர் மிகச் சிலரே. கற்றவர் பலர், கையாண்டவர் சிலர். இந்தக் கசப்பான உண்மையை அவர்கள் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. காரணம் தேடி ஆய்வாளர்களைக் கிராமங்களுக்கே மீண்டும் அனுப்பினார்கள்.

முதற் காரணம், கற்பித்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தமக்குப் பேதி வந்தால் அவர்கள் மாத்திரையைத்தான் நாடினார்கள். ஆகவே அவர்களைக் காலரா ஆய்வு நிலையத்தின் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, துவண்டு கிடந்த பிள்ளைகள் அக்கரைசலைக் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் காணச் செய்தார்கள். இரண்டாவது காரணம், ஆண்களை யாரும் கலந்து பேசவில்லை. தம்மை விலக்கி வைத்துப் பெண்களிடம் சொல்லப்பட்டதை அவர்கள் ஐயத்தோடு பார்த்தார்கள். எனவே கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிவைத்து விளக்கினார்கள். மூன்றாவதைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊழியர்கள் சொன்ன 'டயரியா' என்ற சொல்லைக் கிராமத்தார் காலரா போன்ற கொடிய பேதிக்கு மட்டுமே வழங்கினார்கள். பால்குடிப் பிள்ளையின் கழிச்சலுக்கு ஒரு பெயர். செரியாமைக்கு ஒரு பெயர். சீதபேதிக்கு ஒரு பெயர். கற்ற பாடம் அவற்றுக்கும் உரியது என்று தாய்மார்களுக்குத் தோன்றவே இல்லை.

"அது பேதிக்குச் சொன்னது, புள்ள. இது மாந்தம்."

அன்றுவரை என் மனத்தின் ஒரு மூலையில் வாப்பும்மா மீது ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. அன்று அதைத் தள்ளுபடி செய்தேன். செவிலி அம்மையார் மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை; அவர் தமக்கு இடப்பட்ட பணியை முடித்தார். அடுப்படியில் இருந்த மூதாட்டியை ஒருமுறை அழைத்து, "பெரியம்மா, இதை உங்க வீட்டிலே என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்கும்படி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாதம் கழித்து வந்து பார்க்கும்படி வேறு எவரையும் அனுப்பவுமில்லை.

வங்காள தேசம் திருத்திக்கொண்டது, பயனும் பெற்றது. 2010களில் அங்கே பேதி கண்ட குழந்தைகளுள் பத்தில் ஏழு பேருக்கும் மேல் இக்கரைசலைப் பெற்றதாக அந்நாட்டு ஆய்வுகள் கூறின. நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அது நூற்றுக்கு 60.6. முந்தைய ஆய்வில் இது 50.6 தான் என்பதால் மகிழ்ச்சியே. ஆனால் சராசரிக் கணக்கு ஒரு மெல்லிய திரை. அறுபது வீட்டைக் காட்டி நாற்பது வீட்டை அது மறைத்துவிடும். மறைந்த வீடுகள் எந்தத் தெருவில், யாருடைய வீடுகள் என்று தேடிப் போகாதவரை அந்தத் திரை விலகுவதில்லை.

இதை நான் ஏட்டில் படித்து அறிந்தேனே அன்றிக் கையால் அறியவில்லை. அதற்கும் ஒரு வேளை வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாப் பெண்கள் சிலர் சேர்ந்து, குழந்தைகளின் உடல்நலம் பற்றி வீடு வீடாக விசாரிக்க முனைந்தோம். பட்டியலுக்கு ஜமாஅத்தின் தலைக்கட்டுப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டோம். பெரும்பாலான வீடுகளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தது, கேட்ட கேள்விகளுக்குப் பழுதில்லாத விடையும் கிடைத்தது. நெஞ்சு நிறைந்து திரும்பினோம்.

அன்று மாலை, பள்ளிவாசலுக்குப் பின்புறம் உள்ள ஓட்டு வரிசை வழியே நடந்து வந்தபோது வாசலில் நின்ற ஓர் இளந்தாய் என்னை நிறுத்தினாள். "ராத்தா, எல்லா வீட்டுக்கும் போனீங்களாமே, எங்க வாசலை மட்டும் தாண்டிப் போயிட்டீங்களே?" என்றாள். கோபம் இல்லை அவள் குரலில், குறைதான் இருந்தது. எனக்கு முகம் வாடிற்று. அந்த வரிசையில் இருப்போர் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் வாடகைக் குடும்பங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், தலைக்கட்டு வரி செலுத்தாதவர்கள். கணவன் விட்டுப் போன பெண்களும் அவர்களில் உண்டு. பதிவேட்டில் அவர்கள் இல்லை; ஆகவே எங்கள் பட்டியலிலும் இல்லை. எவருக்குத் தேவை மிகுதியோ, சரியாக அவர்களையே விட்டுவிட்டு ஊரை அளந்திருக்கிறோம்.

அவ்வீட்டில் உட்கார்ந்து பேசியதில் இன்னொன்றும் விளங்கிற்று. அவளுக்குக் கரைசலைப் பற்றித் தெரியும். ஆனால் விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படும் அவள் நண்பகலுக்குப் பின்னரே வீடு திரும்புவாள். அதுவரை ஒரு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒன்பது வயது மூத்த மகள். தாயிடம் எத்தனை முறை கற்பித்தால்தான் என்ன? பிள்ளை துவளும் நேரத்தில் அவ்வீட்டின் 'தாய்' அந்தச் சிறுமி அல்லவா? அவளை அருகில் அழைத்து, அவள் கையாலேயே கலக்கச் செய்தேன். கண்ணீரை நினைவூட்டி நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

வாசகப் பெருமக்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய நற்பணிகள் நடக்கலாம். முகாம் நடத்துவோம், மருந்து வழங்குவோம், படம் பிடித்து மண்டபத்தில் மாட்டுவோம். அதில் தவறில்லை. ஒரு மாதம் சென்றபின், யாரும் கைதட்டாத ஒரு பகற்பொழுதில் திரும்பிச் சென்று கேட்பதுதான் நம்மால் இயலாததாக இருக்கின்றது. பட்டியலை எந்த ஏட்டைப் பார்த்து எழுதினோம், அந்த ஏட்டில் இடம்பெறாதவர் யார் என்பதையும் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் கழித்து நான் அந்த ஓட்டு வரிசைக்குச் சென்றேன். சிறுமி மட்டுமே இருந்தாள். கேட்டவுடன் பிழையின்றிச் சொன்னாள், கலக்கியும் காட்டினாள். எனக்குள் பழைய பெருமிதம் தலைதூக்கிற்று. பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.

"தம்பிக்கு வயிறு சரியில்லாதப்போ கொடுத்தியாம்மா?"

"கொடுத்தேன் பெரியம்மா. ஒரு தம்ளரும் குடிச்சான், எல்லாத்தையும் கக்கிட்டான். அதான் பயந்து நிறுத்திட்டேன்."

கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும் என்பதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை அல்லாஹ்வின் கருணையால் நலமாகவே இருந்தான். கரண்டியை எடுத்து வரச் சொல்லி, அதைச் சொல்லித் தந்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கள் குறிப்பேட்டில், அந்த வீட்டுக்கு நேராக, தவறு கற்பித்தவளுடையது என்று என் பெயரை எழுதினேன். அடுத்த மாதம் திரும்பிப் போக வேண்டிய நாளையும் அதன் பக்கத்தில் குறித்தேன்.