இளவரசர் இருவர்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராயிருந்த என் தந்தையார், கோடை விடுமுறைதோறும் எங்களைப் பாலக்காட்டுச் சித்தூருக்கு அழைத்துச் செல்வார். மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி எனப் பேருந்து மலையிறங்கி வரும். ஊர் சேர்ந்த அன்றிரவே பெட்டியைத் திறந்து, ஒரு வெள்ளிக் காசை எனக்கும் தம்பிக்கும் காட்டுவார். பொற்கொல்லர் ஒருவர் உருக்கவிருந்ததை, எடைக்கு விலை கொடுத்து மீட்டது அது. நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. யாரோ கழுத்தில் கோத்து அணிந்த அடையாளமாய் ஒரு துளை.

ஒருபுறம் உரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை. மறுபுறம், இடையே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்க, இரண்டு இளைஞர்கள். மகள் வயிற்றுப் பேரர்களான காயஸையும் லூசியஸையும் கி.மு. 17-இல் மகன்களாகத் தத்தெடுத்தார் அகஸ்டஸ். கி.மு. 2 முதல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அவர்கள் உருவம் தாங்கிய காசுகள் அச்சாயின. லூசியஸ் கி.பி. 2-இலும், காயஸ் கி.பி. 4-இலும் மாண்டனர். அரியணை திபேரியஸுக்குப் போயிற்று.

ஆயினும் காசு நிற்கவில்லை. மிளகு தேடிக் கடல் கடந்து வந்தது. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் மண்ணில் புதைந்தது. 1842-இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் 500-க்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1946-இல் திருச்சூர்ப் பக்கம் எய்யாலில் உரோமப் பொன்னும் வெள்ளியும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு கலந்து வெளிப்பட்டன. தென்னாட்டுப் புதையல்களில் திபேரியஸின் காசுகளுடன் இவ்விளைஞர் காசும் மிகுதி. பிள்ளைகள் போன பின்னும் அவர்கள் நாணயம் செல்லுபடியாயிற்று.

நான் பத்தாம் வகுப்பில் இருக்கையில் தம்பி காய்ச்சலில் போனான். அதன்பின் தந்தையார் அக்காசை வெளியே எடுக்கவில்லை. பல்லாண்டு கழித்து நானே கேட்டேன். "உலகாண்டவன் தன் பிள்ளைகளைக் காசில் பதித்து வைத்தானப்பா. என்னிடம் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லையே" என்றார்.

இன்று காசு என்னிடம் இருக்கிறது. எந்த வயலில், எதனோடு கிடந்தது என்று பொற்கொல்லரைத் தந்தையார் கேட்டு வைக்கவில்லை, அவரும் மறைந்துவிட்டார். அக்குறை எனக்குத் தீராது. கிடந்த இடம் தெரியாத காசு பாதிக் கதையே சொல்லும்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் அன்பர்களே, உங்கள் பெட்டிகளிலும் பழம்பொருள் ஏதேனும் இருக்கும். யாருடையது, எவ்வூரது என்று சொல்லத்தக்கவர் உள்ளபோதே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். என் காசுடன் நானும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் காயஸ், லூசியஸ் பெயர்களுக்குக் கீழே, என் தம்பியின் பெயரும் உண்டு.