வரிகள் தொலையும் இடம்

நான் சர்வர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் அது. தினமும் காலை ஆறு மணிக்கு க்ரான் அதை ஓட்டும். டிஎஃப் கட்டளை தரும் டிஸ்க் கணக்கை ஒரு வேரியபிளில் வாங்கி, தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிய டிஸ்குக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, மேலாளருக்கு மெயில் அனுப்பும்.

முதல் நாள் போன மெயிலில் பத்து வரியும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் என் ஹோம் டைரக்டரியில் கிடந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. பழசு, பழசு2, டெலிட்-பண்ணாதே. "இது என்னப்பா ரிப்போர்ட்?" என்று மேலாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஷெல் வேரியபிளில் ஒரு வரிதான் நிற்கும் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சில மாதங்கள் எல்லாவற்றையும் தற்காலிகக் கோப்பில் எழுதி, படித்து, அழித்துக் காலத்தை ஓட்டினேன். அதைப் பார்த்த சீனியர் ஒருவர் கேட்டார்: "வேரியபிள் என்னப்பா பாவம் பண்ணுச்சு? எடுக்கும்போது டபுள் கொட்டேஷன் போட்டியா?"

போடவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேரியபிள் பத்து வரியையும் பத்து வரியாகவே வைத்திருந்தது. மேற்கோள் இல்லாமல் டாலர் குறி போட்டு அதை எடுத்தால், ஷெல் இடைவெளி, டேப், புதுவரி மூன்றையும் வெட்டும் இடமாக எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதைச் சொல் சொல்லாக நறுக்கிவிடும். தனியாக நிற்கும் நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். அச்சிடும் எக்கோ கட்டளையின் கைக்கு வருவது துண்டுகள் மட்டுமே. அது பாவம், நடுவில் ஒவ்வோர் இடைவெளி வைத்துக் கோத்துத் தருகிறது. இசட்ஷெல் இப்படி நறுக்காது. அதில் சோதித்துவிட்டு பாஷில் ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

உள்ளே வைக்கும்போதும் ஒரு சின்ன இழப்பு உண்டு. கட்டளையின் வெளியீட்டை டாலர் போட்ட அடைப்புக்குறிக்குள் வாங்கினால், கடைசியில் உள்ள புதுவரிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையும் போய்விடும். அவை வேண்டுமென்றால், வெளியீட்டின் முடிவில் ஒரு புள்ளியையும் சேர்த்து அச்சிடச் செய்து, வாங்கிய பிறகு அந்தப் புள்ளியை வெட்டிவிடலாம். அசிங்கமான வழி, ஆனால் பிசகாது.

நாமே நீளமாக எழுதுவதற்கு, ஒரு முடிவுச் சொல் வரும்வரை உள்ள வரிகளை உரையாக எடுத்துக்கொள்ளும் ஹியர்-டாக் சௌகரியம். முடிவுச் சொல்லை முதலில் எழுதும் இடத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க மறந்தால், உரையில் உள்ள டாலர் குறிகளை ஷெல் வேரியபிளாகப் படிக்கும். விலைப்பட்டியலில் டாலர் 500 என்று குறி போட்டு எழுதினால் 00 என்று வரும். டாலர் 5 என்பது ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த ஐந்தாவது மதிப்பு, அது பெரும்பாலும் காலி. சிறு கோடு சேர்த்த ஹியர்-டாக் வரித் தொடக்கத்து டேப்களை மட்டும்தான் நீக்கும், இடைவெளிகளைத் தொடாது. டேப்பை இடைவெளியாக மாற்றும் எடிட்டரில் எழுதிவிட்டு, முடிவுச் சொல்லை ஷெல் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

எக்கோவை நான் இப்போது அதிகம் தொடுவதில்லை. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்ஹெச் என்றால் டாஷ் என்ற ஷெல். அதன் எக்கோ, உரையில் பின்சாய்வுக் கோடும் 'என்' எழுத்தும் சேர்ந்து வந்தால் புதுவரியாக்கிவிடும். பாஷின் எக்கோ வழக்கமாக அப்படியே விட்டுவிடும். பிரிண்ட்எஃப் கட்டளைக்குச் சதவீதக் குறியும் 'எஸ்' எழுத்தும் சேர்ந்த வடிவத்தை முதலில் கொடுத்து, வேரியபிளை அதற்கு அடுத்து இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் இந்த வம்பே இல்லை.

அந்த மெயில் ஸ்கிரிப்டில் கடைசியில் நான் சேர்த்தது இரண்டே இரண்டு மேற்கோள் குறிகள். உங்கள் பழைய ஸ்கிரிப்டுகளிலும் மேற்கோள் இல்லாமல் நிற்கும் டாலர் குறிகளை ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஷெல்செக் என்ற கருவி வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.