லிங்கநகரில் ஒரு பியானோ

திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் மலையேறிக் கடலைக் கண்டதும், ஊரைக் கண்டுவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகின்றனர். பாறையடியில் மோதி ஆர்ப்பரிப்பதும் கடலே. துறைமுகத்தின் உட்புறத்தே குளத்து நீர்போல் அடங்கிக் கிடப்பதும் அதே கடல்தான். இந்த அமைதியை நாடித்தான் பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் அமைத்தது. 1957 இல் அது விடைபெற்றது.

அப்போது விலைக்கு வந்ததென்று சொல்லப்படும் பியானோ ஒன்று, லிங்கநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கூடத்தில் இருந்தது. பள்ளிப் பருவத்தில் வேலியோரம் நின்று அவர் வாசிப்பைக் கேட்டவன் நான். கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் வேளையில், நாற்பத்து நான்காம் வயதில், அவரிடமே மாணவனானேன். மாரியில் பலகை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், சுருதி ஏறிவிடும், அழுத்திய கட்டை எழும்பாது. அதற்காக ரீச்சர் பெட்டியினுள்ளே சிறு மின்குமிழ் ஒன்றை எரியவிட்டிருப்பார்.

நான் கற்க ஆசைப்பட்டது, அன்று வேலியோரம் கேட்ட அதே உருப்படி: போலந்து நாட்டவரான ஷோபன் 1834 இல் இயற்றிய 'பந்தாசி இம்ப்ரொம்ட்டு'. அச்சேறாத கைப்பிரதிகளை எரித்துவிடச் சொல்லி 1849 இல் அவர் கண்மூடினார். நண்பர் ஃபொன்டானா 1855 இல் அதனை வெளியிட்டுவிட்டார். சொல்லைத் தட்டியது குற்றமானால், அக்குற்றத்தை நான் என்றோ மன்னித்துவிட்டேன்.

வலக்கை நான்கு சுரங்களை ஒலிக்கும் நேரத்தில் இடக்கை மூன்றை ஒலிக்கவேண்டும், அதுவும் கடுகதியில். நம் வழக்கிற் சொன்னால், ஒரு கை சதுஸ்ரம், மறு கை திஸ்ரம். கணித ஆசிரியனல்லவா? காலத்தைப் பன்னிரண்டாகப் பகுத்துக் கட்டம் வரைந்தேன்: வலக்கை 1, 4, 7, 10, இடக்கை 1, 5, 9. தாளில் வந்தது, விரலில் வரவில்லை. வாயால் 'தகதிமி' சொல்லித் தொடையில் 'தகிட' தட்டினேன். என் மாணவர் சிலர் அதைக் கண்டு சிரித்ததும் உண்டு.

"கணக்குப் பாராதேங்கோ, தம்பி. ஒவ்வொரு கையையும் தனியப் பழக்குங்கோ. பிறகு தானாச் சேரும்," என்பார் ரீச்சர். முடக்குவாதத்தால் அவருடைய வலக்கை விரல்கள் மடங்கிப்போயிருந்தன.

நடுவில் வேகம் தணிந்து ஒரு பாட்டு வரும். அதுவரை கீரவாணியின் சாயலில் தவித்த இசை, ஆதார ஷட்ஜம் மாறாமலே சங்கராபரணமாகிவிடும். பாறைப்பக்கத்துக் கடல் துறைமுகத்துக்குள் நுழைந்தாற்போல் இருக்கும்.

மார்கழியிற் செய்தி வந்தது. மகன் அவரை அவுஸ்திரேலியாவுக்கு அழைக்கிறார், பங்குனியிற் பயணம். வீடு விலைபோயிற்று. பியானோவைப் பார்க்க வந்தவர் விறகு விலைதான் கேட்டார். என் வீட்டு வாசலில் அது நுழையாது. இருமுறை அளந்து பார்த்தேன். கல்லூரி விட்டதும் நேரே லிங்கநகருக்கு ஓடினேன். அம்மூன்று மாதமும் என் வீட்டார் பொறுத்துக்கொண்டது பெரிது.

கடைசி மாலையிலும் பாதி வேகந்தான். இறுதிப் பகுதியில் அந்த நடுப்பாட்டு இடக்கைக்கு இறங்கிவரும். அவ்விடத்திற் தடுமாறி நின்றேன். ரீச்சர் கதிரையை இழுத்து என் இடப்பக்கம் அமர்ந்தார்.

"நீங்கள் வலக்கையை மட்டும் வாசியுங்கோ."

அவருடைய இடக்கை அந்தப் பாட்டை வாசித்தது. கடைசி ஒலி அடங்கியபின், பெட்டியைத் திறந்து மின்குமிழை அணைத்தார்.