'ரிலாக்ஸ்' என்னும் வினைச்சொல்

ஆங்கிலம் பயில்வோர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'ரிலாக்ஸ்' என்பதும் ஒன்று. தேர்வு முடிந்த மாலையில் இதனைக் கேளாத மாணவர் விடுதி இராது. இளைப்பாறுதல் என்னும் அப்பொருளில் எவர்க்கும் ஐயமில்லை. விதி, தடை முதலியவற்றோடு சேர்ந்து வருங்காலே மயக்கம் உண்டாகின்றது. அதுபற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

இதன் மூலம் இலத்தீன் பாஷையிலுள்ள 'லாக்ஸுஸ்' என்பது. இறுக்கமற்றது என்பது அதன் பொருள். கட்டிய கயிற்றை நெகிழ்த்துதலையே இவ்வினை குறிக்கும். முடிச்சு அவிழ்ந்ததென்று கூறாது. அம்மூலத்தினின்றே பிரெஞ்சு வழியாக வந்த 'ரிலீஸ்' என்பதோ முற்றும் விடுவித்தலைக் குறிக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளிடத்தும் இத்துணை வேற்றுமை!

தமிழில் இதற்குத் 'தளர்த்துதல்' பொருந்தும். தன்வினையாக்கித் 'தளர்தல்' என்றாலோ கருத்தே மாறிவிடும். ஆங்கிலேயன் 'ரிலாக்ஸ்' செய்தால் களைப்பு நீங்குவான். தமிழன் தளர்ந்தால் களைத்துப்போவான். மொழிபெயர்ப்போர் இதனை மறத்தலாகாது.

அரசுப் பணிக்குரிய அறிவிப்புகளில் 'வயது வரம்பில் தளர்வு' என்று காண்கிறோம். வரம்பு சில ஆண்டு தள்ளி நிற்கின்றது; ஒழிந்துபோகவில்லை.

கொள்ளைநோய்க் காலமாகிய 2020ஆம் ஆண்டில் இவ்வேற்றுமையை எம் குடும்பத்தார் வேறுவகையாய் அறிந்தனர். தமிழ்நாட்டில் மாவட்டம்விட்டு மாவட்டம் செல்ல அப்போது 'இ-பாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது; அதுவும் எளிதிற் கிடைப்பதன்று. ஆகஸ்டு 17 முதல், ஆதார் அல்லது குடும்ப அட்டை விவரத்தோடு விண்ணப்பிப்போர்க்கெல்லாம் தடையின்றி அது வழங்கப்படலாயிற்று. 'ரிலாக்ஸ் பண்ணிவிட்டார்கள்' என்று அயலார் சொல்லக் கேட்ட எம் தமையனார், மறுநாட் காலை, அயல் மாவட்டத்தில் நோயுற்றிருந்த பாட்டியாரைக் காண மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். சீட்டில்லாமையால் எல்லைச் சாவடியிலிருந்து திருப்பியனுப்பப்பட்டார். காவலர் கடிந்துரைக்கவில்லையாம், 'விண்ணப்பித்தால் உடனே கிடைக்குமே, தம்பி' என்றே சொன்னாராம். வீடு திரும்பி விண்ணப்பித்தார், சீட்டும் கிடைத்தது. அடுத்த நாள் அவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

செப்டம்பர் 1ஆம் நாள், மாநிலத்துள் செல்வோர்க்கு அச்சீட்டு முறையே நீக்கப்பட்டது. பதினாறாம் நாட் சடங்கிற்கு உறவினர் அனைவரும் அவரவர் வண்டிகளில் வந்து சேர்ந்தனர். சாவடியில் எவரும் எதுவும் கேட்கவில்லை.