எண்ணெயும் வண்டியும்

1819-இல் நியூயார்க் நகர மருத்துவர் ஜான் ஸ்கடர், மனைவி ஹேரியட்டுடனும் சிறு பெண் குழந்தையுடனும் கப்பலேறினார். குழந்தையைக் கல்கத்தாவில் இழந்தபின்னும் அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கினர்.

அவர்தம் பேர்த்தி ஐடா. திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகால வேதனையிலிருந்த மனைவியருக்காக மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தனர். ஆண் மருத்துவரான தந்தை வர அவர்கள் இசையவில்லை. ஐடாவோ அன்று மருத்துவம் அறியாதவர். மூன்று தாய்மாரும் மாண்டனர். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900-இல் திரும்பினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அவ்விரவின் கனி.

நம் கதவும் ஒருமுறை அவ்வாறு தட்டப்பட்டது. கோவில்பட்டியை அடுத்த கரிசல் சிற்றூரில் ஐப்பசி மழை. மனைவிக்கு வலி கண்டு இரண்டு நாளாயிற்றென்று உழவர் ஒருவர் நின்றார். நாம் நோயில் பூசும் எண்ணெயை எடுத்துக்கொண்டு, காலில் அப்பிய கரிசலோடு நடந்தோம்; வண்டிக்கு வழிசெய்ய எண்ணினோமில்லை. செபித்தோம். விடிந்தபின்னரே வண்டி கிடைத்தது. தாய் பிழைத்தார், சேய் பிழைக்கவில்லை. "மழையிலும் வந்தீர்களே, சாமி" என்று அவர் கைகூப்பியது இன்றும் நம்மைச் சுடுகிறது.

நல்ல சமாரியர் எண்ணெய் வார்த்ததோடு அமையவில்லை. அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றவும் செய்தார். ஸ்கடர் குடும்பத்தார் நம் திருச்சபையினர் அல்லர்; எனினும் அவ்விரண்டாம் செயலை நாம் அவர்களிடமே கற்றோம்.

அன்பரே, உம் இல்லத்தின் கதவு நள்ளிரவில் தட்டப்படின், செபத்தோடு வண்டியையும் ஆயத்தம் செய்வீராக.